கையுறைக்கு வெளியே இரண்டு விரல்

ஏனாத்தூர் போகும் சாலையில் ஒரு தகரக் கொட்டகையில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். முப்பரிமாண அச்சு இயந்திரம் இரண்டு, பெரிய ஓவன் ஒன்று, முதலாளியும் நானும். முதலாளி என்னைவிடச் சின்னவர். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை சார் என்பேன்.

எபாக்சி பிசினில் பொடியும் கெட்டியாக்கும் மருந்தும் சேர்த்துக் குழைத்து ஊசிக்குழலில் அடைத்தால், இயந்திரம் அதைக் கோடு கோடாகப் பிழிந்து அடுக்கடுக்காக ஒரு பொருளை எழுப்பும். முறுக்கு பிழிவதுதான். வேகவைப்பது மட்டும் ஓவனில், மெதுவாக, ஒரு பகல் முழுக்க. சாதாரண பிளாஸ்டிக் என்றால் உருக்கி வேறொன்று செய்யலாம். இது வெந்த பிறகு எவ்வளவு சுட்டாலும் உருகாது, கருகத்தான் செய்யும். தப்பாக வெந்தது தப்பாகவே இருக்கும்.

குழைப்பது என் வேலை. இளகினால் அடுக்கு சரியும், இறுகினால் ஊசி அடைக்கும். பதம் பார்க்கக் கருவி இருந்தது. நான் என் விரலைத்தான் நம்பினேன். எங்கள் வீட்டில் நெசவு. தறியில் ஏற்றும் முன் பாவு நூலைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போடும்போது, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசித்தான் கஞ்சியின் பதம் சொல்வோம். அந்தப் பழக்கம். சார் டீ குடிக்கப் போனதும் வலது கையுறையைக் கழற்றுவேன், ஒரு சொட்டு எடுத்து உரசுவேன், துடைத்துவிட்டு மாட்டிக்கொள்வேன். என் பதத்தில் ஓர் அடுக்குகூடச் சரிந்ததில்லை. வெந்து வந்த துண்டையும் நான் தடவிப் பார்த்துச் சரி என்றால்தான் சார் பெட்டியில் வைப்பார். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

மூன்றாம் வருடம் அந்த இரண்டு விரல் நுனியும் அரித்தன. பாத்திரம் தேய்க்கும் சோப்பின் மேல் பழி போட்டேன், சோப்பை மாற்றினேன், தேங்காய் எண்ணெய் தடவினேன். தோல் தடித்து வெடித்தது. கடைசியில் கொட்டகைக்குள் கால் வைத்தாலே கண்ணிமை வீங்கியது.

தோல் டாக்டரம்மா, கையுறை போடுவீர்களா என்று கேட்டார். போடுவேன் என்றேன். அப்படியென்றால் இரண்டு விரல் மட்டும் ஏன் இப்படி என்றார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ஒரு தரம் உடம்பு இத வேணாம்னு முடிவு பண்ணிட்டா அவ்ளோதாம்மா. திரும்ப ஒத்துக்காது. அந்த வேலைய விட்டுடுங்க."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வாலாஜாபாத் பஸ் ஒன்று போனது, பின்னாலேயே இன்னொன்று போனது. எனக்குப் பசிக்கக்கூட இல்லை.

அப்பா தறியை விட்டு எழாமலே எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, தன் மேல் தப்பு இருப்பது போல, "கஞ்சி கைய ஒண்ணும் பண்ணாதேம்மா" என்றார். அது கஞ்சி இல்லையப்பா என்றேன். அவர் மறுபடி தறியை மிதிக்கத் தொடங்கினார்.

விரல் விஷயத்தைச் சொன்னபோது சார் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைசி நாள் நான் கொட்டகைக்குள் போகாமல் வாசலிலேயே நின்றேன். நான் கடைசியாகக் குழைத்த பிசினில் அச்சான துண்டை எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளங்கை அளவு, கறுப்பு, ஏதோ மோட்டாருக்குள் சூடு தாங்குவதற்கு. முழுக்க வெந்துவிட்டது, இனி ஒன்றும் செய்யாது, கையில் வாங்கலாம் என்றார். நான்கு வருடமாகக் கேட்பதையே கேட்டார்.

"எப்பிடி வந்துருக்குது, பாருங்கக்கா."

வாங்கினேன். அடுக்குகளின் வரி கண்ணுக்குத் தெரிந்தது. தடித்துப்போன இரண்டு விரலாலும் தடவினேன், திருப்பிப் போட்டு அடிப்பக்கமும் தடவினேன். வழவழப்பா, சொரசொரப்பா, இன்னும் சூடாக இருக்கிறதா, எதுவுமே தெரியவில்லை.

சரியா இருக்குது சார் என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன். அவர் அதைப் பெட்டியில் வைத்தார்.