இளவரசனுக்கு ஒரு கிணறு

புதுக்கோட்டைப் பழைய புத்தகக் கடையில் ஒட்டகம் போட்ட அந்த அட்டையைக் கண்டதும் நின்றுவிட்டேன். எட்டு வயதில் அப்பாவுக்கு நான் வாசித்துக் காட்டிய பாலைவனக் கதை. வீட்டில் எழுத்தறிந்தவன் நான் மட்டும்தான். அன்று என்னிடம் இருந்தது கடைசிப் பக்கங்கள் கிழிந்த பிரதி. இளவரசன் தாகத்தில் சுருண்டு விழுந்ததோடு முடிந்துபோனது. தேம்பித் தேம்பி அழுதேன்.

கிணறு வெட்டிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்திருந்த அப்பா, மேலெல்லாம் செம்மண்ணோடு கேட்டார்:

"பக்கத்துல ஈச்சமரம் இருக்கா?"

"இருக்குப்பா."

"பெறகென்ன? மரத்துக்கு அங்கிட்டு ரெண்டாள் ஆழம் தோண்டுனா தண்ணி வந்துரும்."

"அவனால எந்திரிக்கவே முடியலப்பா."

"மம்பட்டியோட நான் வாரேன்னு சொல்லு."

அழுகை நின்று சிரித்துவிட்டேன்.

இப்போது கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். பறக்கும் குதிரை வந்து இளவரசனைத் தூக்கிப் போகிறது. ஈச்சமரத்தடியை யாரும் தோண்டவேயில்லை. எழுதியவரின் அப்பா கிணறு வெட்டுகிறவர் இல்லை போலிருக்கிறது.