கேத்தலுக்காகக் கழற்றிய வயர்

என் கணவர் லொறியைக் கவனித்ததில் கால்வாசி என்னைக் கவனித்திருந்தால் நான் இன்னும் நாலு கிலோ கூடியிருப்பேன். பிராங்பேர்ட் விமான நிலையத்தில் வந்திறங்கும் முருங்கைக்காய், வல்லாரை, பச்சைமிளகாய்ப் பெட்டிகளை ஏற்றி, வடக்கே ஹனோவர் வரைக்கும் உள்ள தமிழ்க் கடைகளில் இறக்கிவிட்டு வருவது அவருடைய தொழில். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் எங்கள் வீடு. கார் கிடையாது. கல்யாணமோ கோயிலோ, லொறியில்தான் போவோம். பட்டுச்சேலையோடு அந்த உயரத்துக்கு நான் ஏறுகிற அழகைப் பார்ப்பதற்கென்றே மண்டப வாசலில் சிலர் நிற்பார்கள்.

அது கிழட்டு டீசல் லொறி. குளிர் மைனஸ் பத்தைத் தாண்டினால் ஒரு முக்கு முக்கிவிட்டுப் படுத்துவிடும். சுவீடன்காரச் சாரதி ஒருவர் சொல்லிக்கொடுத்து, எஞ்சினுக்குள் ஒரு ஹீட்டர் பூட்டினார். எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரைச் சூடாக்கி வைக்கிற சின்னச் சாமான். அதன் வயர் முற்றத்தைக் கடந்து, குசினி ஜன்னலுக்குள்ளால் வந்து சுவர்ப் பிளக்கில் முடியும். வெளிக்கிடுவதற்கு மூன்று மணித்தியாலத்துக்கு முன்பே குத்திவிட வேண்டும். மூட முடியாத அந்த ஜன்னல் இடுக்குக் குளிரில் பல் கிட்டக் கிட்ட நான் புட்டவிப்பேன். லொறிக்கு ஒரு கம்பளியும் போர்த்திவிடச் சொல்லிப் பகிடி பண்ணினேன். மனுசன் உண்மையாகவே போர்த்திவிட்டார். என்னுடைய கம்பளி.

ஒரு பெப்ரவரியில் ஹனோவரில் என் மச்சாள் இறந்துபோனார். இவருடைய அக்கா. இவரைப் பெற்ற கையோடு தாய் போய்விட்டாராம். இடுப்பில் தூக்கி வளர்த்தது பன்னிரண்டு வயது அக்காதான். உடல் குளிரறையில் இருந்ததால் சடங்கு நாளில்தான் பார்க்கலாம் என்றார்கள். அந்த ஐந்து நாளும் இவர் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"முகத்தை ஒருக்கால் பார்த்திடோணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

ஊரில் என்றால் தம்பி வரும்வரைக்கும் எடுக்க மாட்டார்கள். இங்கே எரிக்கிற இடத்து மண்டபத்துக்கு டெர்மின், நேரம் குறித்துத்தான் தருவார்கள். பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை வரைக்கும் எங்களுடையது. அதற்குப் பிறகு அடுத்த குடும்பம் வாசலில் நிற்கும். இரண்டரை மணித்தியால ஓட்டம் என்பதால் எட்டு மணிக்கு வெளிக்கிடுவதாக முடிவு. ஐந்துக்கே எழும்பி ஹீட்டரைக் குத்திவிட்டு வந்து, மறுபடி படுத்துக்கொண்டார்.

நான் கொஞ்ச நேரத்தில் எழும்பினேன். செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. எரித்துவிட்டு வருகிறவர்களுக்குச் சொந்தக்காரர்தான் சாப்பாடு கொண்டுபோவார்கள். என்னை ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் தம்பி பெண்சாதி வெறுங்கையோடு வந்தாள் என்று நாலு பேர் கதைப்பார்களே. இருநூறு இடியப்பம் என்று தொடங்கினேன். மாக் குழைக்கக் கொதிநீர் வேண்டும். குசினியில் இருப்பது இரண்டு பிளக். ஒன்றில் ஸ்டீமர், மற்றதில் லொறி. ஐந்து நிமிடம்தானே என்று லொறியைக் கழற்றிவிட்டுக் கேத்தலைக் குத்தினேன். ஒரு கேத்தல் போதவில்லை. இரண்டாவது, மூன்றாவது. பிறகு பிழிந்தேன், அவித்தேன், சம்பல் அரைத்தேன். வயர் ஜன்னல் விளிம்பிலேயே கிடந்தது. அதன்மேல் நான் கைத்துவாயைப் போட்டிருந்தேன்.

எட்டு மணிக்கு அவர் திறப்பைத் திருகிய சத்தம் கேட்டது. லொறி முக்கியது. மறுபடி முக்கியது. மைனஸ் பதினாறு. எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய்க் கேத்தலைப் பிடுங்கி எறிந்துவிட்டு வயரைக் குத்தினேன். அவர் உள்ளே வந்து பார்த்தபோது வயர் நல்ல பிள்ளையாகச் சுவரில் இருந்தது.

"ஹீட்டர் பழசாப் போச்சு. சூடு காணாது. போன மாசமே மாத்தியிருக்கோணும் நான்" என்றார்.

நான் இடியப்பத்தை மூடிக்கொண்டு நின்றேன்.

அவர் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் அடித்ததில் பற்றரியும் இறங்கிவிட்டது. பனியால் ரயில் ஓடவில்லை. தெரிந்த தமிழ் ஆட்கள் எல்லோரும் முன்னேயே புறப்பட்டுவிட்டார்கள். கடைசியில் பக்கத்துப் பண்ணைக்காரர் டிராக்டரைக் கொண்டுவந்து அதன் பற்றரியிலிருந்து வயர் கொடுக்க, லொறி கறுப்புப் புகையோடு எழும்பியபோது பத்தே கால்.

வழியில் மச்சாளின் மகன் போன் எடுத்தான்.

"மாமா, எங்கை நிக்கிறியள்? நேரம் முடிஞ்சுதெண்டு இவை சொல்லுகினம். பெட்டியை மூடப்போகினம்."

"கொஞ்சம் மறிச்சு வை, ராசா."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கறுப்புக் கோட்டுப் போட்ட வேறு ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். பெட்டி அடுப்புக்குப் போய்விட்டதாம். வாய்க்கரிசி போடுவதற்கு வீட்டிலிருந்து முடிந்து கொண்டுபோன அரிசியைக் கையில் பொத்திக்கொண்டு இவர் வாசலிலேயே நின்றார். எங்கே போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

பிறகு மச்சாள் வீட்டில் எல்லோரும் இடியப்பம் சாப்பிட்டார்கள். பஞ்சு மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். நான் போட்டேன் என்பதற்காக இவரும் இரண்டு சாப்பிட்டார்.

திரும்பி வரும்போது எனக்குத் தாங்கவில்லை.

"இஞ்சருங்கோ, ஹீட்டரிலை பிழையில்லை. நான்தான் வயரைக் கழட்டினனான். கேத்தலுக்கு."

அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இண்டைக்காவது பகிடி விடாமல் வா."

லொறித் திறப்பை அரிசி வாளிக்குள் ஒளித்தவள், பொலிஸ் கடிதம் வந்திருக்கிறது என்று சொல்லி மனுசனை வியர்க்க வைத்தவள் நான். இன்னொரு தரம் சொல்லியிருக்க வேண்டும், சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் நம்பாதது எனக்கு வசதியாக இருந்தது.

அடுத்த கிழமை புது ஹீட்டர் வாங்கி வந்து, பனியில் மல்லாந்து கிடந்து அவரே பூட்டினார். ஒரு மணித்தியாலம் பொறுத்து என்னைக் கூப்பிட்டார்.

"கையை வைச்சுப் பார். சுடுதோ?"

வைத்துப் பார்த்தேன். சுடுகிறது என்றேன்.

"இது அண்டைக்கு இருந்திருந்தால்" என்று தொடங்கியவர், முடிக்காமல் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு பழைய ஹீட்டரைக் குப்பையில் போடச் சொல்லி என்னிடம் நீட்டினார். அதில் ஒரு பழுதும் இல்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனேன்.