ஃபெலிசியா குரலெடுத்த நாள்

காலையில் எழுந்ததிலிருந்து வயிற்றில் பிள்ளை அசையவில்லை. ஃபெலிசியா இனிப்பாக மைலோ கலக்கிக் குடித்துப் பார்த்தாள், ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. கணவன் மார்க்கஸ் கையுறைத் தொழிற்சாலையில் வேலையில் இருந்தான். கைப்பேசி லாக்கரில் கிடக்கும், பார்க்க மாட்டான் என்று தெரிந்தும் செய்தி அனுப்பினாள். பிறகு சிடாம் கிரி வீட்டிலிருந்து வாடகைக் கார் பிடித்து, வழக்கமாகக் கணவனோடு போகும் தாய்சேய் கிளினிக்குக்குத் தனியாக வந்தாள்.

சின்ன வயதுக் காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வாள். கிளினிக்கிலோ எல்லாரும் முகக்கவசம் போட்டிருந்தார்கள். எண் காட்டும் பலகை பழுது. தாதி கதவைத் திறந்து பெயரைக் கூப்பிடுவாள். யாரைக் கூப்பிட்டாள் என்று இவளுக்கு எப்படித் தெரியும்? கதவு திறந்தபோதெல்லாம் எழுந்தாள். வேறு யாரோ உள்ளே போனார்கள். பிந்தி வந்தவர்கள்கூட மருந்தோடு கிளம்பிவிட்டார்கள். கவுண்டரில் போய்க் காதைத் தொட்டு, வயிற்றைக் காட்டினாள். அங்கிருந்தவர் நிமிராமலே நாற்காலியைக் காட்டினார்.

பள்ளியில் பிள்ளைகள் தன் குரலைக் கேட்டுச் சிரித்ததிலிருந்து வெளியாட்கள் முன் அவள் வாய் திறந்ததே இல்லை. கதவு மறுபடி திறந்ததும் நேரே போய்த் தாதியின் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள்.

"புள்ள ஆடல! புள்ள ஆடலக்கா!"

கூடமே திரும்பிப் பார்த்தது. தாதி காஞ்சனா ஏதோ கேட்டாள். ஃபெலிசியா அவள் முகக்கவசத்தைச் சுட்டினாள். காஞ்சனா சட்டென்று அதை இறக்கினாள்.

"காது கேக்காதா? ஐயோ, ரெண்டு தடவ கூப்பிட்டேனே!"

உள்ளே படுக்கவைத்து, பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கும் கருவியை வயிற்றில் வைத்தாள். ஃபெலிசியா அவள் முகத்தையே பார்த்தாள். அந்த முகத்திலிருந்து எதுவும் தெரியவில்லை. பிறகு காஞ்சனா அவள் கையை எடுத்து இயந்திரத்தின் ஒலிப்பெருக்கிமேல் வைத்தாள். விரல்களுக்கடியில் மெல்லிய அதிர்வு.

"இருக்கு. ஆனா மெதுவா அடிக்குது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவணும், தங்கச்சி. நானும் வர்றேன் லா."

ஆம்புலன்சிலும், அறுவை அறை வாசல்வரையிலும், நடப்பதையெல்லாம் காஞ்சனா உதட்டால் அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். பெண் குழந்தை பிறந்தது.

சாயங்காலம் மார்க்கஸ் ஓடி வந்தான். "நீ தூங்கு, நான் பாத்துக்கிறேன்" என்றான்.

ஃபெலிசியாவுக்குக் கண் மூடவில்லை. குழந்தை தொட்டிலில் கிடந்து அழுதால் தனக்கு எப்படித் தெரியும்? குழந்தையை வாங்கி நெஞ்சோடு சேர்த்துப் படுத்தாள். சற்று நேரத்தில் நெஞ்செலும்பு கிடுகிடுத்தது.

"அழுவுறா" என்று மார்க்கஸிடம் அவளே சொன்னாள்.