மரத்தடியில் நின்றால் மூச்சு நிற்கும்

மூச்சு விடுவதற்கு ஒரு மனுஷி இவ்வளவு பாடுபட்டு நான் பார்த்ததில்லை. அதுவும் என் கூடப்பிறந்த தங்கை!

சாந்தி தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில் மீனை உறைய வைத்துப் பெட்டியில் அடைக்கும் ஃபேக்டரியில் வேலை செய்கிறாள். அங்கே குளிர் அறைகளை ஓட்டுவது அமோனியா வாயு. போன வாரம் பட்டப்பகலில் குழாய் கசிந்து அது வெளியே வந்துவிட்டது. பிரிக்ஃபீல்ட்ஸில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்த நான், போன் வந்ததும் போட்டது போட்டபடி கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். கண்கள் செக்கச்செவேல் என்று... மாஸ்க்கை விலக்கி விலக்கித்தான் பேசினாள்.

"சைரன் அடிச்சவுடனே எப்பவும் போற மரத்தடிக்குப் போயிட்டோம்க்கா. காத்து நேரா எங்க மேலதான் அடிச்சுச்சு."

"வேற பக்கம் ஓட வேண்டியதுதானேடி?"

"பேரு கூப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நகரக்கூடாதுன்னு சூப்பர்வைசர் கத்துனாரு. இருமிக்கிட்டே 'யெஸ்' சொன்னேன்."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. வாயு மேலே வந்து விழுகிறது... இவர்கள் வரிசையில் நின்று அட்டெண்டன்ஸ் கொடுத்திருக்கிறார்கள்!

சரி, ஏன் அந்த மரத்தடி? நிழல். அவ்வளவுதான் காரணம். வெயிலில் நிற்க யாருக்குப் பிடிக்கும்? ஒவ்வொரு ட்ரில்லுக்கும் அங்கேதான் கூட்டம், போட்டோ, பிறகு ஆளுக்கொரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம். இதற்குப் பெயர் பயிற்சியா, பிக்னிக்கா? காற்றின் திசை காட்ட கூரையில் ஒரு துணிப்பை பறந்துகொண்டிருந்ததாம். கிழிந்துவிட்டது என்று கழற்றியவர்கள், புதிதாக ஒன்றை மாட்டவே இல்லை. காற்று இந்தப் பக்கம் அடித்தால் கூடுவதற்கு அந்தப் பக்கம் இன்னோர் இடம் – அதுவும் கிடையாது.

மறுநாள் சேஃப்டி ஆபிசர் பழக்கூடையோடு வந்தார். விடுவேனா?

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு ஒருத்தராச்சும் பார்த்தீங்களா?"

"எல்லாரும் எஸ்ஓபி ரூல்படிதான் நடந்தாங்க லா, ஆன்டி. ஒருத்தரைத் தவிர."

பெருமையாக வேறு சொல்கிறார்! ஆளை உயிரோடு வீட்டுக்கு அனுப்பத்தானே ஐயா அந்த விதி? அறிக்கையில் 'அனைவரும் ஒத்துழைத்தனர்' என்று எழுதுவதற்கா? சொன்ன இடத்தில் நிற்கிற ஜனம் நாம். சொல்கிறவருக்கு மூளை வேண்டாமா? சாந்தியின் நுரையீரல் பழையபடி ஆகுமா என்று டாக்டருக்கே இன்னும் தெரியவில்லை. அவளால் மாடிப்படி ஏற முடியுமா, வாய்விட்டுச் சிரிக்க முடியுமா... யார் பதில் சொல்வது?

அந்த 'ஒருத்தர்' சாயங்காலம் வந்தார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் செல்வம். ஒரு இருமல் இல்லை, ஒரு தும்மல் இல்லை.

"நாத்தம் மூஞ்சியில அடிச்சுச்சுக்கா. பயத்துல எதிர்ப்பக்கம் பின்கேட்டுக்கு ஓடிட்டேன். இப்ப பாருங்க..." என்று போனை நீட்டினார்.

மரத்தடியில் ஆஜராகாததற்கு எச்சரிக்கைக் கடிதம்.

கசிந்த குழாயைக் கவனிக்காதவருக்கு இன்னும் யாரும் கடிதம் எழுதவில்லை.