ஒரு நாளைக்கு ஒரு பக்கம்

படம் பார்ப்பதற்கு முன் கை கழுவும் பழக்கம் என்னை இன்னும் விடவில்லை. அருங்காட்சியகத்துக்குப் போனால் முதலில் தண்ணீர்க்குழாய் எங்கே என்று தேடுவேன். பிறகு கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நிற்பேன். கூட வரும் பிள்ளைகளுக்கு மானம் போகிறது. என்ன செய்ய, இரண்டும் மாமாவிடமிருந்து ஒட்டிக்கொண்டவை.

மாமா என் அம்மாவின் தம்பி, கல்யாணமாகாதவர். சுவா என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எங்கள் வீட்டிலேயே தங்கி மரம் சீவிக்கொண்டிருந்தார். ஜப்பான்காரன் நெருங்கிவிட்டான் என்று துரை காரில் ஏறி ஓடிய மறுநாள், தோட்டமே அவருடைய பங்களாவுக்குள் புகுந்தது. சீனி மூட்டை, கம்பளி, பீங்கான் தட்டு என்று ஆளுக்கொன்றாக அள்ளிக்கொண்டு வந்தார்கள். மாமா ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "சீனி மூட்ட கெடந்துச்சாம், நீ காயிதத்த தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறியேடா."

தடித்த அட்டை போட்ட பெரிய புத்தகம் அது. ஏதோ ஒரு வெள்ளைக்கார ஊரின் அருங்காட்சியகத்தில் மாட்டியிருக்கும் ஓவியங்கள், பக்கத்துக்கு ஒன்றாக, வர்ணத்தில். அடியில் இங்கிலீஷில் என்னவோ எழுதியிருக்கும். மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, தமிழே எழுத்துக்கூட்டித்தான். வெள்ளைக்காரன் புத்தகம் வீட்டில் இருப்பது ஜப்பான்காரனுக்குத் தெரிந்தால் கன்னம் பழுத்துவிடும் என்பதால், பல மாதம் அது மரவள்ளிக்கிழங்குச் சாக்குக்கு அடியில் கிடந்தது. சோதனை கொஞ்சம் ஓய்ந்த பிறகுதான் வெளியே வந்தது.

எனக்கு அப்போது எட்டு வயது. மூன்று வேளையும் கிழங்குதான். உடுப்பு சாக்குத் துணி. விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லாததால் படம் பார்ப்பதெல்லாம் பொழுது சாய்வதற்குள். மாமா கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். நகக்கண்ணில் ரப்பர் பால் காய்ந்து கறுத்துப்போயிருக்கும். அது படத்தில் பட்டால் போகாது. என்னையும் கழுவச் சொல்வார். தொட எனக்கு அனுமதி கிடையாது, ஆனாலும் கழுவ வேண்டும். முதல் பக்கத்தில் அந்த அருங்காட்சியகத்தின் கூடமே படமாக இருந்தது. கோட்டுப் போட்ட ஆட்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்கள். படம் பார்ப்பதற்கென்றே ஒரு வீடு கட்டியிருக்கிறான் பார் என்று மாமாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அன்று முதல் நானும் அப்படித்தான் நிற்க வேண்டும்.

ஒரு நாளைக்கு ஒரு பக்கம். அதுதான் சட்டம். கெஞ்சினாலும் அழுதாலும் அடுத்த பக்கம் கிடைக்காது. "அவசரப்பட்டா தீந்து போயிரும்லா. நாளைக்கி என்னத்த பாப்ப?" என்பார்.

அந்த ஒரு பக்கத்தை அவர் பார்க்கிற விதம் இருக்கிறதே! மரம் வரைந்திருந்தால் இதில் பால் வருமா என்று ஆராய்வார். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, அது காலையா சாயங்காலமா என்று என்னைக் கேட்பார். ரொட்டியும் திராட்சையும் மீனும் பரப்பிய மேசை ஒன்று வந்த நாளில், வேண்டிய மட்டும் கண்ணால் தின்றுகொள் என்று கூடுதல் நேரம் கொடுத்தார். அன்றைக்கு எனக்குக் கிழங்கு தொண்டைக்குள் இறங்கவில்லை. இன்னொரு பக்கத்தில் ஒரு தாய், தூங்கும் குழந்தையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா வெகுநேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது தூங்கல பாப்பா. பாசாங்கு பண்ணுது. கண்ண எப்படி இறுக்கி மூடியிருக்கு பாரு. தூங்குற புள்ளைக்கி இமை லேசாத்தான் கெடக்கும்."

எனக்கு அது தூங்குவதாகத்தான் தெரிந்தது.

பிறகு சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் காலம் வந்தது. வீட்டுக்கு ஓர் ஆண் என்று ஜப்பான்காரன் கேட்க, தோட்டத்து எழுத்தரான கிராணி பெயர்களை எழுதினார். எங்கள் வீட்டில் விழுந்தது அப்பாவின் பெயர். அப்பாவுக்கு நெஞ்சு இளைப்பு; நாலு எட்டு நடந்தால் உட்கார்ந்துவிடுவார். அதை அடித்துவிட்டு என் பெயரைப் போடுங்கள் என்று மாமா போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். முன்பு லாரி ஏறியவர்களில் ஒருவரும் அதுவரை திரும்பவில்லை என்பது பெரியவர்களுக்குத் தெரியும். எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாளாக அம்மா என்னை அதட்டவே இல்லை. அதைக்கூட நான் எனக்குச் சாதகமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் மாமா வழக்கம்போலக் கை கழுவினார். ஒரு பக்கம் காட்டினார். மூடவில்லை, அடுத்ததைத் திருப்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது, நான்காவது என்று போய்க்கொண்டே இருந்தது. பத்தாவது பக்கத்தில் என் சந்தோஷம் போய்விட்டது. மரத்தைப் பற்றியும் வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு பேச்சில்லை. பொழுது சாயச் சாயப் புத்தகத்தை வாசற்பக்கம் நகர்த்தி நகர்த்தித் திருப்பினார். போதும் மாமா என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. கடைசிப் பக்கம் வந்தபோது, அதில் இருப்பது கடலா வானமா என்று தெரியாத அளவுக்கு இருட்டிவிட்டது.

"நாளைக்கி என்னத்த பாக்குறது?" என்று கேட்டேன்.

"மொதல்லேருந்து பாரு. நீயே திருப்பு," என்றார். "கை மட்டும் கழுவிக்க."

மீதம் இருபத்து மூன்று பக்கம் என்று நான் எண்ணி வைத்திருந்தேன். சட்டம் போட்டவரே அந்த இருபத்து மூன்று நாளையும் ஒரே சாயங்காலத்தில் தீர்த்துவிட்டாரே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

விடிகாலையில் லாரிச் சத்தம் கேட்டு விழித்தபோது தூக்கத்தில் புரண்டு மல்லாந்திருந்தேன். அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். மாமா என் பாய்க்கருகில் வந்து குந்தினார். "பாப்பா, மாமா போயிட்டு வர்றேன்." வேலைக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். இவரோடு இனிப் பேசுவதில்லை என்று கண்களை இறுக்கி மூடிக்கொண்டேன். எழுப்பட்டுமா என்று அம்மா கேட்டாள்.

"வேணாம்க்கா. தூங்கட்டும்," என்றார் மாமா. ஆனாலும் உடனே எழுந்திருக்கவில்லை.

சயாமிலிருந்து எங்கள் தோட்டத்துக்குத் திரும்பியவர்கள் மிகச் சிலர். அவர்களில் மாமா இல்லை. கோபம் ஆறி, புத்தகத்தை ஒரு நாளைக்கு ஒரு பக்கமாக நானே திருப்பியபோது, அந்தத் தாயும் குழந்தையும் மறுபடி வந்தார்கள். அப்போதும் அது தூங்குவதாகத்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கென்று பிள்ளைகள் பிறந்து, பள்ளிக்கூடம் போகாமலிருக்க அவர்கள் கண்ணை மூடிக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான், மாமா சொன்ன இமை இன்னதென்று தெரிந்தது. அன்று காலை என் முகத்தைக் குனிந்து அவ்வளவு நேரம் பார்த்தாரே, அவருக்கு அது பார்த்தவுடனே தெரிந்திருக்கும்.