பேரியத்துக்குப் பின்னால் வரும் பெயர்

நான் பதினோராம் வகுப்பு படித்த வருடம் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. முதலில் சோறு நெஞ்சில் நின்றது, பிறகு கஞ்சியும். ஆலங்காயத்து டாக்டர், வாணியம்பாடிக்குப் போய்ப் எக்ஸ்ரேயில் குழாய் தெரிவதற்காகக் கொடுக்கும் பேரியத்தைக் குடித்துப் படம் எடுத்து வரச் சொன்னார். அப்பா கேரளாவில் மிளகுத் தோட்ட வேலையில் இருந்தார். நான்தான் எங்கள் மலை ஊரிலிருந்து அம்மாவைக் கூட்டிப் போனேன்.

அந்த வாரம்தான் பள்ளியில் அயனிச் சேர்மங்களுக்குப் பெயர் வைக்கும் பாடம் நடந்தது. முதலில் உலோகத்தின் பெயர், அடுத்து எதிர்மின் அயனியின் பெயர். கந்தகம் மட்டும் என்றால் சல்பைடு. கூட நான்கு ஆக்சிஜன் சேர்ந்தால் சல்பேட். வேதியியல் மிஸ் பேரியத்தையே உதாரணமாக எடுத்தார். சல்பேட் வயிற்றில் கரையாது, அப்படியே வெளியே வந்துவிடும். சல்பைடு கரையும், அது விஷம் என்றார்.

வாணியம்பாடியில், எக்ஸ்ரே அறை வாசலில் உதவியாளர் அக்கா ஒருவர் வெள்ளையாகக் கலக்கிய டம்ளரை அம்மாவிடம் நீட்டினார்.

"இன்னாங்க இது?" என்றாள் அம்மா.

"பேரியம் சல்பைடும்மா. சுண்ணாம்பு மாதிரி இருக்கும். மொதல்ல ஒரு வாய் முழுங்குங்க."

அம்மா டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனாள். ஒருவேளை நான்தான் மாற்றிப் படித்துவிட்டேனோ? யோசிக்க நேரமில்லை.

"ம்மா, குடிக்காத."

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"அக்கா, அது சல்பேட்டா, சல்பைடா?"

"எல்லாம் ஒண்ணுதான் பாப்பா. தெனம் எத்தினி பேரு குடிக்கிறாங்க."

"ஒண்ணு இல்லக்கா. டப்பாவக் காட்டுங்க."

அம்மா என் துப்பட்டாவை இழுத்தாள். "உடு பாப்பா. தொரத்திடப் போறாங்க."

சத்தம் கேட்டு எக்ஸ்ரே எடுப்பவர் வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டார். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனார். திட்டி அனுப்பத்தான் போகிறார் என்று நினைத்தேன். டம்ளரில் வெள்ளை மெல்ல அடியில் படிந்துகொண்டிருந்தது. கரையாததால்தான் படிகிறது என்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அவர் டப்பாவோடு வந்து என் கையில் கொடுத்தார். "நீயே படி."

பெயர் இங்கிலீஷில் இருந்தது. தமிழ் மீடியத்தில் படித்தவள் நான். ஒவ்வொரு எழுத்தாகத்தான் கூட்டினேன். எஸ், யூ, எல், பி, எச். அடுத்த எழுத்து 'ஐ' என்றால் சல்பைடு. விரலை நகர்த்திப் பார்த்தேன். 'ஏ'.

"சல்பேட்தான். குடி ம்மா."

"அவங்க வாய் தவறிச் சொல்லிட்டாங்க," என்றார் அவர். "உள்ள வாங்கம்மா." அந்த அக்கா டம்ளரை வாங்கி மறுபடி கலக்கிக் கொடுத்துவிட்டு, என் பக்கம் பார்க்காமலே நகர்ந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்: "அது வேறயா இருந்திருந்தா?"

நான் அவள் தோளில் சாய்ந்துகொண்டேன். அவள் என் முழங்கால்மேல் கை வைத்துக்கொண்டாள்.

உணவுக்குழாயின் அடியில் சுருக்கம் என்று படத்தில் தெரிந்தது. புற்றாக இருக்குமோ என்று பயந்திருந்தோம். சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்ததில் அது இல்லை என்று ஆனது. வேலூர் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு அந்தச் சுருக்கத்தை விரித்தார்கள், ஒரு தடவை போதவில்லை, மறுபடியும் போனோம். பொங்கலுக்கு அப்பா வந்தபோது அம்மா அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டாள், மெதுவாக.