பாறை அறுத்தது

அந்தத் தையல்காரருக்கு நண்பர்கள் வைத்த பெயர் முடிச்சு. பேருந்து பணிமனைக்கு எதிரே, ஒரு மாடிப்படிக்குக் கீழே எட்டடிக் கடை. முப்பது வருடமாக அங்கே குனிந்த தலை நிமிராமல் காலர் வெட்டிக்கொண்டிருந்தார். ஆனால் அந்தப் பெயர் கடற்கரையில் கிடைத்தது.

மாதம் ஒரு சனி ஞாயிறு, என்ன தலை போகிற வேலை இருந்தாலும், மூன்று பேர் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள். முடிச்சு, பேருந்து ஓட்டுநர், கணக்கு வாத்தியார். ஆள் உயரத்தைப்போல இரண்டு மடங்கு நீளமான தூண்டில் கழிகள். கரையில் நின்று, கழியைத் தோளுக்குப் பின்னால் சாய்த்து ஒரே வீச்சு. ஈயக்குண்டு அலைகளைத் தாண்டிப் போய் விழும். பிறகு மணலில் நட்ட குழாயில் கழியைச் செருகி, நுனியில் ஒரு சின்ன மணியைக் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மீன் வந்தால் மணி அடிக்கும். பெரும்பாலும் காற்றுதான் அடிக்கும்.

மூவருக்கும் வேலை பிரிந்திருந்தது. கடல் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று வாத்தியார் கணக்குப் போட்டுச் சொல்வார். தப்பாகத்தான் சொல்வார். ஓட்டுநர் இரை வெட்டுவார், வெட்டிக்கொண்டே பேசுவார். அவர் பெயர் ஹாரன். அவர் வாயைத் திறந்தால் பேருந்துக்குத் தனியாக ஹாரன் வேண்டாம் என்று பயணிகளே சொல்வார்கள். முடிச்சுக்கு ஒரே வேலை: மூன்று பேருக்கும் தூண்டில் நரம்பில் முள்ளைக் கட்டுவது. நைலான் நரம்பை ஏழு சுற்றுச் சுற்றி, முள்ளருகே விழும் சின்னக் கண்ணில் நுனியை நுழைத்து, அதே நுனியை மடக்கி இன்னொரு முறை நுழைத்து, எச்சிலால் நனைத்து இறுக்குவார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் போட்ட முடிச்சு ஒன்றுகூட அவிழ்ந்ததில்லை.

அவிழ்ந்தால் தெரிந்துவிடும். அறுந்த நரம்பின் நுனி தேய்ந்து பிசிறடித்திருக்கும். அவிழ்ந்த நரம்பின் நுனியோ பன்றி வால்போலச் சுருண்டு வரும். அதற்கு அவர்கள் பாஷையில் வால் என்று பெயர். யார் முடிச்சில் வால் வந்ததோ அவர் அன்றைக்கு எல்லாருடைய மீனையும் கழுவ வேண்டும். வாத்தியார் தானாகக் கட்டிப் பார்த்த ஒரே நாளில் மூன்று வால். அதற்குப் பிறகு அவர் மூச்சுவிடாமல் நரம்பை முடிச்சிடம் நீட்டிவிடுவார்.

போன மழைக்காலத்தில் முடிச்சின் வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் கட்டைவிரல் மட்டும். பிறகு ஊசியில் நூல் கோக்க முடியாமல், கதவைப் பாதி சாத்திக்கொண்டு கால் மணி நேரம் போராட வேண்டியதாயிற்று. யாருக்கும் தெரியாமல் நகரத்தின் அந்தக் கோடியில் இருந்த ஒரு மருத்துவரிடம் போனார். இது போகாது, கூடிக்கொண்டேதான் போகும் என்று அவர் சொல்லிவிட்டார். முடிச்சு வீட்டில் மூச்சுக் காட்டவில்லை. கையை நம்பிப் பிழைக்கிற மனுஷனுக்குக் கை நடுங்குகிறது என்று சொல்வது, கடையை மூடிவிட்டேன் என்று சொல்வதைப் போலத்தான். அதையும்விட, நரம்பை நீட்டுகிற அந்த இரண்டு பேர் ஒருநாள் நீட்டாமல் தாங்களே கட்டிக்கொள்வார்களே, அதைத்தான் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இதற்கிடையில் ஹாரனுக்குத் தொண்டையில் கட்டி. திங்கட்கிழமை ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு பேச்சு வராது. அதற்கு முந்தைய சனிக்கிழமை மூவரும் வழக்கம்போலக் கிளம்பினார்கள்.

ஹாரன் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். குரல் கரகரத்துப் பாதியில் உடைந்தாலும் விடவில்லை. சொன்ன கதையையே திரும்பச் சொன்னார். மற்ற நாளாக இருந்தால் வாத்தியார், "போதும்டா, மீனெல்லாம் காதைப் பொத்திக்கிட்டு ஓடுது," என்பார். அன்று அவர் ஒவ்வொரு கதைக்கும் புதிதாகக் கேட்பதுபோலத் தலையாட்டினார். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"ஒரே ஒரு பெரிய மீன்டா," என்றார் ஹாரன். "இத்தனை வருஷத்துல என் தூண்டில்ல உள்ளங்கையை விடப் பெருசா ஒண்ணு வந்திருக்கா? நாளைக்கு ஒண்ணு வந்தா, அதுகிட்ட நாலு வார்த்தை பேசிட்டு விட்டுடுவேன்."

ஞாயிறு காலை, வெளிச்சம் சரியாக வராத நேரத்தில் ஹாரன் நரம்பை நீட்டினார். முடிச்சு ஏழு சுற்றுச் சுற்றினார். முதல் முறை நுனி கண்ணில் நுழைந்தது. இரண்டாம் முறை நுழையவில்லை. மறுபடி முயன்றார், விரல் நின்றால்தானே. தலைக்கு மேல் ஹாரன் ஏதோ சிரிப்புக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவிழ்த்து மறுபடி கட்டலாம். கட்டினால் கை ஆடுவதைப் பார்த்துவிடுவார். முடிச்சு இரண்டாவது நுழைப்பை விட்டுவிட்டு, நனைத்து, இறுக்கிக் கொடுத்துவிட்டார். தாங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வெயில் ஏறுகிற நேரத்தில் ஹாரனுடைய மணி அடித்தது. அடித்தது என்ன, கழியோடு சேர்ந்து கடலுக்கே ஓடப் பார்த்தது. ஹாரன் பாய்ந்து பிடித்தார். கழி வில்லாக வளைந்தது. ரீல் கிறீச்சிட்டது.

"வந்துட்டான்டா! டேய், வந்துட்டான்!"

அவ்வளவு பெரிய சத்தம் அந்தத் தொண்டையிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றார். பத்து நிமிடம் இழுபறி. முடிச்சுக்கு மீனைப் பார்க்கத் தோன்றவில்லை. நரம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். திடீரென்று கழி நிமிர்ந்தது. நரம்பு காற்றில் தொங்கியது.

என்ன மீன் என்றுகூடத் தெரியாமல் போய்விட்டது.

ஹாரன் மெல்லச் சுற்றி நரம்பை உள்ளே இழுத்தார். அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நுனியைப் பார்த்தார். பல்லால் கடித்துத் துண்டித்தார். பறவை காலில் சிக்கும் என்பதால் நரம்புத் துண்டை மணலில் போடுகிற வழக்கம் அவர்களிடம் இல்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு திரும்பினார்.

"பாறை அறுத்துடுச்சுடா."

"இங்க ஏதுடா பாறை? கண்ணுக்கெட்டின தூரம் மணல்தானே," என்றார் வாத்தியார்.

"நீ உள்ள போய்ப் பாத்தியா? கடல் ஏறுற நேரத்தையே உனக்குச் சொல்லத் தெரியல, பாறையைப் பத்திப் பேச வந்துட்டே."

வாத்தியார் அடங்கிப்போனார். முடிச்சு அந்தப் பாறையை இறுகப் பிடித்துக்கொண்டார். இருக்கும், தண்ணீருக்கடியில் எதுதான் இருக்காது? அப்படி நம்பாவிட்டால் அவரால் அன்று மூவரும் வந்த கார் வரைக்கும் நடந்திருக்க முடியாது. திரும்பும் வழியெல்லாம் ஹாரன் அந்த மீனைப் பற்றியே பேசினார். வீட்டு வாசலில் இறங்கும்போது குரல் காற்றாகத்தான் வந்தது.

நாற்பது நாள் கழித்து, ஒரு மத்தியானம் ஹாரன் மனைவியோடு கடைக்கு வந்தார். பாதியாக இளைத்திருந்தார். கழுத்தில் வெள்ளைத் துணி. கையில் வாத்தியார் கொடுத்த சிலேட்டு. முடிச்சு எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்ன பேசுவது? பேசுகிற வேலையை எப்போதும் ஹாரன்தான் பார்த்துக்கொண்டார்.

"கழுத்துல துளை வச்சிருக்காங்கண்ணா," என்றாள் அவர் மனைவி, சட்டைகளை எடுத்து மேசையில் வைத்தபடி. "காலர் வந்து அழுத்துது. எல்லாத்தையும் கொஞ்சம் இறக்கிக் குடுங்க."

"அதுக்கென்னம்மா, செஞ்சுடலாம்."

முடிச்சு வழக்கப்படி ஒவ்வொரு பையாகத் துழாவினார். நான்காவது, அந்தக் கடற்கரைச் சட்டை. பையின் அடித் தையலில் ஏதோ நெருடியது. எடுத்துப் பார்த்தார். ஒரு விரற்கடை நைலான் நரம்பு. ஒரு பக்கம் பல் கடித்த தடம். மறுபக்கம் சுருண்டிருந்தது. சோப்பும் வெயிலும் அதை ஒன்றும் செய்யவில்லை.

அது அவர் உள்ளங்கையில் கிடந்து நடுங்கியது. மறைக்கத் தோன்றவில்லை.

"டேய்," என்றார் மெதுவாக. "வால்டா இது."

ஹாரன் அந்தக் கையைப் பார்த்தார். முகத்தில் ஆச்சரியம் ஏதும் இல்லை. சிலேட்டை மடியில் வைத்து ஒரே ஒரு சொல் எழுதித் திருப்பிக் காட்டினார்.

பாறை.

எழுதியது போதாதென்று அடியில் கோடு போட்டார். அழுத்திய அழுத்தலில் பலப்பம் உடைந்தது. மனைவி திரும்புவதற்குள் உள்ளங்கையால் அழித்துவிட்டார்.

"என்னண்ணா எழுதினாரு?"

"காலர் நல்லா தளர்வா இருக்கட்டும்னு எழுதினாரும்மா," என்றார் முடிச்சு.

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஹாரனுக்கு எதிரே குனிந்தார். நாடா கழுத்தில் நிற்காமல் ஆடியது. ஹாரன் அதன் ஒரு முனையை வாங்கித் தன் கழுத்தில் தானே பிடித்துக்கொண்டார். மறுமுனையைப் பிடித்தபடி முடிச்சு அழுதார்.

"அழாதீங்கண்ணா," என்றாள் ஹாரனின் மனைவி. "பேச்சு போனா என்ன, ஆள் இருக்காரே."

முடிச்சு தலையாட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாடாவில் இருந்த எண்ணைப் படிக்கப் பார்த்தார்.